கத்தாரிலிருந்து திரும்பிய அப்பாவும் வரலாறு கேட்கும் மகளும்

அன்புள்ள அம்மா, வணக்கம்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். உயர்தரத்தில் கலைப்பிரிவுதான், அதிலும் வரலாறு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். உங்கள் கணவர் பதினொரு ஆண்டுகள் கத்தாரில் வேலை செய்துவிட்டு வந்தவர். அவர் கேட்டதை வரி பிசகாமல் எழுதியிருக்கிறீர்கள்: "பிரான்சுக்காரன் தன் ராஜாவின் தலையை வெட்டிய கதை நமக்கு எதற்கு? சோறு போடுமா?" கடிதத்தின் அடியில், சற்றுத் தயங்கியது போல, நீங்களும் ஒன்று கேட்டிருக்கிறீர்கள்: நம் நாட்டு வரலாறு போதாதா, பிற நாடுகளின் வரலாற்றை எவ்வளவுதான் படிப்பது? அவருடைய கேள்வியைவிட உங்களுடையது நல்ல கேள்வி. ஆனால் வீட்டில் சண்டை அவருடைய கேள்வியால் நடப்பதால் சோற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒளிக்காமல் சொல்கிறேன். வரலாற்றில் பட்டம் எடுத்தவருக்கென்று எந்த அலுவலகத்திலும் ஒரு கதிரை காலியாகக் காத்திருக்கவில்லை. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் மாதக்கணக்கில் அமர்ந்து போராடியதை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். உங்கள் கணவரின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அதே வேளையில் வழிகள் அடைபட்டும் இல்லை. வந்தாறுமூலையிலோ பேராதனையிலோ பல்கலைக்கழகத்தில் பட்டம் எடுத்துவிட்டு ஆசிரியத்துக்குப் போகலாம். நிர்வாக சேவை, வெளிநாட்டுச் சேவை ஆகியவற்றின் போட்டிப் பரீட்சைகள் எழுதலாம். சட்டம், ஊடகம், தொல்பொருளியல் என்று இன்னும் சில உண்டு. பாசிக்குடாவும் அறுகம்குடாவும் பக்கத்தில் இருக்கும்போது உரிமம் பெற்ற சுற்றுலா வழிகாட்டி வேலையை நம் பெற்றோர் ஏன் இளக்காரமாகப் பார்க்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இவை அனைத்திலும் கேட்கப்படுவது ஒரே திறமைதான்: ஒரு கட்டுக் காகிதத்தை வாசித்து, என்ன நடந்தது, ஏன் நடந்தது, யார் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று இரண்டு பக்கத்தில் தெளிவாக எழுதுவது. வரலாற்றை ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு அது கைவந்துவிடும். மனப்பாடம் செய்த பிள்ளைக்கு வராது.

மனப்பாடத்தின் கதையை நானே அனுபவித்தவன். பள்ளிக்கூட நாளில் பிரான்சியப் புரட்சியை டியூசன் கொப்பியிலிருந்து காற்புள்ளியோடு ஒப்புவிப்பேன். 1789 யூலை 14, பாஸ்டில் சிறை, மூன்று வகுப்பினர், எல்லாம் வரிசையாக வரும். பல ஆண்டுகள் கழித்து ஒரு நேர்முகத் தேர்வில் என் சான்றிதழைப் பார்த்த முதியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "தம்பி மட்டக்களப்பா? உங்கள் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்தது 1795இல். ஏன் அந்த ஆண்டில்?" நான் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கோட்டைக்குள் இருந்த மாவட்ட அரச அலுவலகமான கச்சேரிக்குப் பிறப்புச் சான்றிதழுக்கும் அதற்கும் இதற்கும் எத்தனை தடவை போயிருப்பேன்! பதிலும் எனக்குத் தெரிந்த பாடத்துக்குள்தான் இருந்தது. இரண்டையும் முடிச்சுப் போட யாரும் சொல்லித் தரவில்லை. வேலை கிடைக்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்த முடிச்சை உங்கள் மகளுக்காக இங்கே போட்டுக் காட்டுகிறேன். உங்கள் கேள்விக்கான என் பதிலும் அதிலேயே இருக்கிறது.

1602இல் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தக் கப்பல் தலைவன் இலங்கைக்கு வந்து நங்கூரமிட்டது மட்டக்களப்பில். கொழும்பு போர்த்துக்கேயரின் பிடியில் இருந்தது. கண்டி அரசனைச் சந்திக்க வேண்டுமென்றால் கிழக்குக் கரைதான் திறந்த வாசல். அந்த வாசலை மூடுவதற்காகவே போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பின் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். பத்தே ஆண்டுகளில், 1638இல், ஒல்லாந்தர் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து அதைப் பிடித்தார்கள். இலங்கையில் அவர்கள் கைப்பற்றிய முதல் கோட்டை நம்முடையது. இவ்வளவும் இலங்கை வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கும். ஒல்லாந்தர் போர்த்துக்கேயரை ஏன் இப்படித் துரத்தித் துரத்தி அடித்தார்கள் என்று கேட்டால், கறுவா என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவோம். கறுவா பாதிக் கதை. ஒல்லாந்தர் 1568 முதல் தங்களை ஆண்ட ஸ்பெயின் மன்னனோடு போராடிக்கொண்டிருந்தார்கள். 1580இல் போர்த்துக்கல்லின் முடியும் அதே ஸ்பெயின் மன்னனின் தலையில் ஏறியது. அன்றிலிருந்து போர்த்துக்கேயர் உலகில் எங்கே இருந்தாலும் ஒல்லாந்தருக்குப் பகைவர். ஐரோப்பாவின் சேற்றில் தொடங்கிய சண்டை நம் வாவிக்கரையில் பீரங்கியாக வெடித்தது.

அடுத்தது முதியவரின் கேள்வி. பிரான்சுக்காரன் ராஜாவின் தலையை வெட்டியது 1793இல். அந்தப் புரட்சியின் படை 1794–95 குளிர்காலத்தில் நெதர்லாந்துக்குள் புகுந்தது. அந்த நாட்டுக்கு அகழி போலக் காவல் நின்ற ஆறுகள் அவ்வருடம் உறைந்து கிடந்தன. பிரெஞ்சுச் சிப்பாய்கள் பனிக்கட்டியின் மேல் நடந்தே வந்துவிட்டார்கள். ஒல்லாந்தரின் ஆட்சித் தலைவரான ஒரேஞ்சு இளவரசர் இங்கிலாந்துக்குத் தப்பி ஓடினார். அங்கே கியூ என்ற இடத்திலிருந்து தன் குடியேற்ற நாடுகளின் ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்: பிரெஞ்சுக்காரர் கையில் சிக்காதிருக்க, கோட்டைகளை ஆங்கிலேயரிடம் ஒப்படையுங்கள் என்று. கடிதத்தை ஏற்பதா மறுப்பதா என்று இங்கிருந்த ஒல்லாந்தர் குழம்பி நிற்கையில் ஆங்கிலப் படை திருகோணமலையையும் மட்டக்களப்பையும் 1795இலேயே எடுத்துக்கொண்டது. 1802 அமியன்ஸ் உடன்படிக்கையில் ஒல்லாந்தரின் இலங்கை முறைப்படி பிரித்தானியாவுக்குப் போனது. ஆக, பாரிஸில் விழுந்த தலைக்கும் புளியந்தீவில் ஏறிய கொடிக்கும் நடுவில் மூன்று ஆண்டுகள்கூட இல்லை. உங்கள் கணவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

அம்பாறைப் பக்கம் போனாலும் இதுதான் நிலைமை. 1949இல் தொடங்கிய கல்லோயா ஆற்று அணைத் திட்டத்துக்கு முன்மாதிரி அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு அதிகார சபை. 1929இல் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்து ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தபோது, ஆற்றை அணைகட்டி மின்சாரமும் வேலையும் தருகிறோம் என்று 1933இல் அவர்கள் அமைத்தது அது. கல்லோயாவின் இங்கினியாகலை அணையைக் கட்டியதும் ஓர் அமெரிக்கக் கம்பனிதான். அந்தத் திட்டத்தோடு வந்த குடியேற்றங்களைப் பற்றி இங்கே வீட்டுக்கு வீடு ஒரு கதை உண்டு. அதை இந்தக் கடிதத்தில் தொடப் போவதில்லை. ஆனால் உங்கள் மகள் ஒருநாள் அதைத் தொட விரும்பினால் டென்னசியையும் தெரிந்துகொண்டு தொடட்டும்.

எவ்வளவு படிப்பது என்று கேட்டீர்கள். நம் வாசலில் கிடக்கும் ஒரு பொருளை எடுத்து, அது எங்கிருந்து வந்தது என்று நூல் பிடித்துப் போய், அந்த நூல் முடியும் இடம்வரை படித்தால் போதும். எல்லா நாட்டு மன்னர்களின் பட்டியலும் தேவையில்லை. லண்டனில் இருக்கும் நம் உறவுகளைக் கேளுங்கள். குடியுரிமைக்காக இருபத்து நான்கு கேள்விப் பரீட்சை எழுத எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவியரையும் வரிசையாகப் பாடமாக்கியிருப்பார்கள். பரீட்சை முடிந்த மறுவாரம் கேட்டால் மூன்று பேர்கூட நினைவில் இருக்க மாட்டார்கள். அதைக் குறை சொல்லவில்லை, தேவைக்குப் படித்தது தேவையோடு போய்விடும்.

ஒரேயொரு விலக்கு. உயர்தரத்துக்கு வரலாறு எடுப்பவர், இந்த அளவுக்கு மேலே போய், ஏதாவது ஒரு பிறநாட்டையாவது ஆழமாகப் படிக்கத்தான் வேண்டும். இலங்கை வரலாற்றுடன் இந்திய வரலாறு, ஐரோப்பிய வரலாறு, நவீன உலக வரலாறு என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பாடம் அது. எதை எடுப்பது என்பதை மகளின் ஆசையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பள்ளிக்கூடத்தில் எதற்கு நல்ல ஆசிரியர் இருக்கிறார், தமிழில் எதற்குப் புத்தகமும் கடந்தகால வினாத்தாளும் கிடைக்கின்றன என்று முதலில் விசாரியுங்கள். இந்திய வரலாற்றுக்குத் தமிழில் நூல்களுக்குப் பஞ்சமில்லை. இருந்தாலும் ஓர் எச்சரிக்கை. தமிழ்நாட்டுப் புத்தகத்தில் சோழர் இலங்கைக்கு வந்தது வெற்றி. நம் பாடநூலில் அதே நிகழ்வு படையெடுப்பு. இராஜராஜன் காலத்தில் அநுராதபுரம் வீழ்ந்து பொலன்னறுவை சோழரின் தலைநகரானது, 1070இல் முதலாம் விஜயபாகு அவர்களை வெளியேற்றினான் என்பவற்றில் இரண்டுக்கும் தகராறு இல்லை. சொல்லும் தொனியில்தான் வேறுபாடு. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்த பிள்ளையை யாரும் இலேசில் ஏமாற்ற முடியாது. ஒன்றை மட்டும் படித்த பிள்ளை, எந்தப் பக்கத்துப் பிள்ளையானாலும், மேடைப் பேச்சுக்குக் கைதட்டப் பழகிவிடும். நம் மாவட்டத்தில் அதன் விலை என்ன என்பதை நீங்களும் நானும் பார்த்தவர்கள்.

மகளுக்கு ஆங்கிலம் எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. பிறநாட்டு வரலாற்றைத் தமிழில் மட்டும் படித்தால் பரீட்சை வரைக்கும் போகலாம், அதற்கு அப்பால் கால் இழுக்கும். உயர்தர வகுப்பு தொடங்கும் முன் கிடைக்கும் காலத்தில் வேறெந்த டியூசனுக்கும் அனுப்பாமல் ஆங்கில வகுப்பு ஒன்றுக்கு மட்டும் அனுப்புங்கள். சிங்களமும் வேண்டும், ஆனால் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் பிள்ளையின் தலையில் ஏற்ற வேண்டாம்.

இன்னொன்று. கலைப்பிரிவு என்று முடிவானால் மூன்று பாடங்களையும் வாசிப்புச் சுமை உள்ளவையாக எடுக்க வேண்டாம். வரலாற்றோடு புவியியலையோ அளவையியலையோ சேர்ப்பது நல்லது. வரைபடம் பார்க்கத் தெரியாமல் வரலாறு படிப்பது, நான் செய்த முட்டாள்தனம்.

வரும் சனிக்கிழமை காலை மகளை அழைத்து வாருங்கள். பெறுபேற்றுத் தாளோடு பத்தாம், பதினோராம் ஆண்டு வரலாற்றுக் கொப்பிகளையும் கொண்டுவரச் சொல்லுங்கள். புள்ளிகளைவிடக் கொப்பியின் ஓரத்தில் அவள் தன் கையால் என்ன கேள்வி எழுதி வைத்திருக்கிறாள் என்பதைப் பார்க்க எனக்கு ஆசை. ஓரம் முழுக்க வெறுமையாக இருந்தால் வேறு பாடத்தைப் பற்றியும் பேசுவோம். அதற்கும் நான் தயார்.

உங்கள் கணவரையும் கட்டாயம் கூட்டி வாருங்கள். 1973 ஒக்டோபரில் எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலோடு போரிட்டன, அரபு நாடுகள் எண்ணெயைப் பூட்டின, மூன்று டொலர் அளவில் விற்ற பீப்பாய் சில மாதங்களில் பன்னிரண்டை நெருங்கியது. அந்தப் பணத்தில் வளைகுடாவில் கட்டடங்கள் எழுந்தன, கட்டுவதற்கு ஆள் தேவைப்பட்டது, நம் ஊர்களிலிருந்தும் ஆட்கள் போனார்கள். 1985இல் இதற்கென்றே கொழும்பில் ஒரு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமும் வந்தது. களுவாஞ்சிக்குடியில் நீங்கள் கட்டிய வீட்டுக்குக் கத்தாரிலிருந்து வந்த காசு இந்த வழியாக வந்ததுதான். தோகாவில் அவர் கண்ணால் பார்த்தவற்றை, எந்த நாட்டுக்காரருக்கு என்ன சம்பளம், யாருக்கு எந்தக் கதவு திறந்தது என்பதை, மகளிடம் ஒருநாளாவது உட்கார்ந்து சொல்லியிருக்கிறாரா? இல்லையென்றால் சனிக்கிழமை என் அறையில் தொடங்கட்டும். தேநீர் என் செலவு.