வாசகர் கேள்வி: கருவி மாறியும் கோடு நிற்கிறதே!

கேள்வி: கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளுக்குப் பைத்தானில் தூரம் அளக்கும் பிளகின் (துணைநிரல்) எழுதினேன். பயனர் பாதியில் வேறு கருவிக்குப் போனால், வரைந்த சிவப்புக் கோடு அப்படியே நிற்கிறது. என் பட்டனும் அமுங்கியே இருக்கிறது. என்ன காரணம்?

பதில்: வேறு கருவி தேர்வானதும் கேன்வாஸ், அதாவது வரைபடம் தெரியும் பரப்பு, உங்கள் கருவியின் டீஆக்டிவேட் மெத்தடை (கருவி விலகும்போது ஓடும் நிரல்பகுதி) அழைக்கும். துப்புரவு வேலையெல்லாம் அங்கேதான். சிவப்புக் கோடு ஒரு ரப்பர்பேண்ட், அதாவது வரைபடத்தின் மேல் தற்காலிகமாக வரையும் உருவம். அதை ரீசெட் செய்து அழியுங்கள். சேர்த்துவைத்த புள்ளிகளின் பட்டியலையும் காலி செய்யுங்கள். இல்லாவிட்டால் அடுத்த அளவை பழைய புள்ளியிலிருந்து தொடங்கும். கோடு நிற்பதாவது கண்ணில் படும், தப்பான தூரம் படாது. எனக்குப் பெரிய கவலை இதுதான்.

அப்புறம் பட்டன். செட்ஆக்‌ஷன் மூலம் அதைக் கருவியோடு இணைத்திருந்தால், மூல வகுப்பின் (உங்கள் கருவிக்கு அடிப்படையாகக் கியூஜிஐஎஸ் தரும் வகுப்பு) டீஆக்டிவேட்டே அதை விடுவிக்கும். நீங்கள் அந்த மெத்தடை மாற்றி எழுதி, உள்ளே மூல வகுப்பை அழைக்காமல் விட்டிருக்கலாம். அப்படியானால் கருவி விலகியதை மற்ற நிரல்பகுதிகளுக்குச் சொல்லும் டீஆக்டிவேட்டட் சிக்னலும் வெளியே போகாது. மூல வகுப்பை அழைக்கும் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

"சேமிக்கட்டுமா?" என்று கேட்கும் பெட்டியை மட்டும் டீஆக்டிவேட்டில் வைக்காதீர்கள். பயனர் அடுத்த வேலைக்குக் கிளம்பிவிட்டார், அவரை வழிமறிப்பது நியாயமில்லை. ஸ்பேஸ் விசையை அழுத்தி வரைபடத்தை நகர்த்தினால் கருவி மாறாது என்பதை உதவிக்குறிப்பில் சொல்லுங்கள், பாதியில் இருக்கும் அளவை அழியாமல் தப்பிக்கும்.

பிளகினை நிறுத்தும்போது ஓடும் அன்லோடு மெத்தடில், கருவியைக் கேன்வாஸிலிருந்து விலக்கும் அன்செட்மேப்டூல் அழைப்பும், ரப்பர்பேண்டைக் கேன்வாஸ் காட்சியிலிருந்து நீக்கும் வரியும் இருக்கட்டும்.