விதி தெரிகிறது, பேச்சில் வரவில்லை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதினோரு வருடங்களாகப் பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். ‘ஷீ’ என்று தொடங்கினால் நிகழ்கால வினையோடு ‘ஸ்’ சேர வேண்டும் என்பதை முதல் மாதமே நடத்திவிடுவேன். தேர்வில் எல்லோரும் சரியாக எழுதுகிறார்கள். தாளை வாங்கி வைத்துவிட்டு, “உங்கள் தங்கை என்ன செய்கிறாள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டால் “ஷீ ஒர்க்” என்கிறார்கள். ஆறாவது மாதத்திலும் அப்படியே. எனக்குத்தான் சொல்லித்தரத் தெரியவில்லையா? உடன் வேலை பார்ப்பவர், இலக்கணத்தையே விட்டுவிடுங்கள், கேட்கக் கேட்கத் தானாக வரும் என்கிறார். எதை நம்புவது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் மேல் தவறில்லை. அந்த ‘ஸ்’ உலகம் முழுக்க ஆங்கில ஆசிரியர்களைப் படுத்தி எடுத்த எழுத்து.

1974இல் டுலே, பர்ட் என்ற இரு மொழி ஆய்வாளர்கள், ஸ்பானிய மொழி பேசும் குழந்தைகளும் சீன மொழி பேசும் குழந்தைகளும் ஆங்கிலத்தின் சிறு உருபுகளை (சொல்லோடு ஒட்டும் ‘ஸ்’ போன்றவற்றை) எவ்வளவு சரியாகப் பயன்படுத்துகிறார்கள் என்று ஒப்பிட்டார்கள். இரண்டு மொழிகளும் வெகு தூரத்தவை. ஆனாலும் எது எளிதில் வருகிறது, எது இழுத்தடிக்கிறது என்ற வரிசை பெரும்பாலும் ஒன்றாக இருந்தது. அதே ஆண்டு பெய்லி, மேடன், கிராஷன் மூவரும் பெரியவர்களிடமும் ஏறக்குறைய அதையே கண்டார்கள். பெயர்ச்சொல்லில் பன்மை காட்டும் ‘ஸ்’ முன்னாலேயே வந்துவிடுகிறது. வினையில் ஒட்டும் ‘ஸ்’ கடைசி வரிசையில் நிற்கிறது. ஒலி ஒன்றுதான்! பன்மை ‘ஸ்’ ஒரு செய்தியைச் சொல்கிறது. வினையின் ‘ஸ்’, ‘ஷீ’ ஏற்கெனவே சொல்லிவிட்டதைத் திரும்பச் சொல்கிறது, அவ்வளவுதான். தங்கையைப் பற்றிப் பேசுகிறவரின் மனம் தங்கையின் வேலையில் இருக்கும். இந்த உபரி ஒலியைத் தேட அதற்கு நேரமில்லை. தேர்வுத்தாள் அந்த நேரத்தைக் கொடுக்கிறது. (தாய்மொழி இந்த வரிசையை ஓரளவு மாற்றும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின.)

பிட் கார்டர் என்ற மொழியியலாளர் 1967லேயே சொன்னார்: கற்பவருக்குள் அவருக்கே உரிய பாடத்திட்டம் ஒன்று இருக்கிறது, பிழைகள் அதைக் காட்டும் தடயங்கள். நண்பர் ஒருவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தபோதுதான் எனக்கு இது உறைத்தது. முதல் வாரங்களில் “எனக்குத் தெரியாது” என்று அழகாகச் சொன்னார். மூன்றாம் மாதம் “நான் தெரியாது” என்றார். நான் பதறிவிட்டேன், படித்ததையெல்லாம் மறக்கிறாரே என்று. உண்மையில் முதலில் அவர் அதை ஒரே சொல்லாக முழுங்கியிருந்தார். மூன்றாம் மாதம்தான் அதைப் பிரித்துப் பார்த்து, மற்ற வாக்கியங்களைப் போல ‘நான்’ போட்டுத் தானே கட்டினார். பிறகு கொஞ்ச காலம் “எனக்கு பார்த்தேன்” என்று எதிர்ப்பக்கம் போனார். அதன்பின் இரண்டும் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. அந்த “நான் தெரியாது” நாட்களில் அவரைத் திருத்தித் திருத்தி நோகடித்ததை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. தமிழின் உள்ளே நுழைந்துகொண்டிருந்த மனிதர் அவர்.

உங்கள் கேள்விக்கு மிக அருகில் வருவது பீனமான் என்ற மொழியியலாளரின் ஆய்வு. ஜெர்மன் கற்ற இத்தாலியக் குழந்தைகளுக்கு வாக்கியத்தில் சொற்கள் வரும் வரிசை பற்றிய ஒரு விதியைத் தனியாகக் கற்பித்துப் பார்த்து, 1984இல் அதை எழுதினார். கற்றலில் அந்த விதிக்கு நேர் முந்தைய படியில் நின்ற குழந்தைக்குப் பாடம் உதவியது. இன்னும் கீழே நின்ற குழந்தைக்கு அது பேச்சில் இறங்கவில்லை. முதல் மாதம் நீங்கள் நடத்தும் ‘ஸ்’ பாடத்தில் நடப்பது இதுதான் என்று நம்புகிறேன். பாடநூல்கள் அதை முன்னால் வைப்பது, ஒரே வரியில் விளக்கிவிடலாம் என்பதால்தான்.

அப்படியானால் உங்களோடு வேலை பார்ப்பவர் சொல்வது சரியா? பாதி சரி. புரியும்படியான மொழி காதிலும் கண்ணிலும் நிறைய விழாமல் எதுவும் வராது. வகுப்பில் பெரும்பகுதி நேரத்தை அதற்கே கொடுங்கள். ஆனால் அது மட்டும் போதாது என்பதற்குக் கனடாவே சாட்சி. 1965இல் கியூபெக்கின் செயின்ட் லாம்பெர்ட்டில், ஆங்கிலம் பேசும் குழந்தைகளுக்குப் பிரெஞ்சு வழியிலேயே பாடம் நடத்தத் தொடங்கினார்கள். அந்த முறை நாடெங்கும் பரவியது. அப்படிப் படித்த பிள்ளைகள் பல ஆண்டுகளுக்குப் பின் பிரெஞ்சைப் பிரமாதமாகப் புரிந்துகொண்டார்கள். பேச்சிலோ இலக்கணப் பிழைகள் நீங்காமல் தங்கிவிட்டன. கேட்பவருக்குப் பொருள் எப்படியும் புரிந்துவிடுவதால் வடிவத்தைக் கவனிக்க வேண்டிய கட்டாயமே வருவதில்லை. துல்லியமாகச் சொல்லும்படி அவர்களைத் தூண்ட வேண்டும் என்று 1985இல் ஆய்வாளர் மெரில் ஸ்வெய்ன் எழுதியது இதைப் பார்த்துத்தான்.

திருத்தும் விதத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். அவர் “ஷீ ஒர்க்” என்றதும் நீங்கள் “ஓ, ஷீ ஒர்க்ஸ்!” என்று மென்மையாகச் சொல்வீர்கள், இல்லையா? நாம் எல்லோரும் செய்வது அது. அவர் காதில் அது வெறும் ஆமோதிப்பாக விழுகிறது. கனடிய வகுப்புகளைப் பதிவுசெய்து லைஸ்டர், ரான்டா என்ற ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட ஆய்வில் ஆசிரியர்கள் அதிகம் கையாண்டது இந்த முறையைத்தான். மாணவர்கள் மிகக் குறைவாகப் பிடித்துக்கொண்டதும் இதையே. “ஷீ...?” என்று நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். அவரே தேடி எடுக்கட்டும்.

ஆனால் எல்லோரிடமும் இப்போதே வேண்டாம். ஒன்று செய்து பாருங்கள். ஒவ்வொருவரையும் இரண்டு நிமிடம் பேசவைத்துப் பதிவுசெய்யுங்கள். ‘ஸ்’ஸை விட்டுவிட்டு, யார் எந்தப் படியில் நிற்கிறார் என்பதை அறிய, எதிர்மறையை எப்படிச் சொல்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். “ஷீ நோ ஒர்க்” என்கிறவர் தொடக்கத்தில் நிற்கிறார். எல்லா இடத்திலும் ‘டோன்ட்’ போடுகிறவர் நகர்ந்துகொண்டிருக்கிறார். “ஷீ டஸன்ட் ஒர்க்” என்று யோசிக்காமல் சொல்கிறவர் யாராவது இருந்தால், அவரிடம் இந்த வாரமே ‘ஸ்’ பாடத்தை மறுபடி எடுங்கள். மற்றவர்களைப் படிக்கவும் கேட்கவும் விட்டு, இரண்டு மாதம் கழித்து மறுபடி பதிவுசெய்யுங்கள். என்ன கேட்டது என்று எனக்கு எழுதுங்கள்.