ஸ்நாப் உணவு உதவி: கேளுங்கள், பதில் சொல்கிறேன்

குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு உணவு வாங்க மாதாமாதம் ஓர் அட்டையில் பணம் ஏற்றித் தரும் அமெரிக்காவின் ஸ்நாப் திட்டம் (பலரும் இன்னும் ஃபுட் ஸ்டாம்ப் என்றுதான் சொல்கிறார்கள்) பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. டாலர் கணக்குகள் 2025 அக்டோபர் முதல் 2026 செப்டம்பர் வரைக்கும், அலாஸ்கா, ஹவாய் நீங்கலான 48 மாநிலங்களுக்கும் பொருந்தும்.

ஒஹையோவிலிருந்து: அக்கா, நானும் இரண்டு பிள்ளைகளும். பிடித்தம் போகும் முன் மாதச் சம்பளம் 2,400 டாலர். வாடகை, மின்சாரம், கேஸ் எல்லாம் சேர்த்து 1,500. எனக்கு 271 டாலர்தான் வருகிறது. இதே நிலையில் உள்ள தோழிக்கு 465. ஏன் இந்த வித்தியாசம்?

271 என்ற எண்ணே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. உங்கள் வாடகை கணக்கில் ஏறவில்லை.

மூன்று பேருக்கு உச்சத் தொகை 785. நிகர வருமானத்தில் 30 சதவீதத்தை நீங்களே சாப்பாட்டுக்குச் செலவிடுவீர்கள் என்று வைத்துக்கொண்டு, அதை 785இல் கழித்து மீதியைத் தருகிறார்கள். சம்பளம் 2,400இல் முதலில் 20 சதவீதம் கழியும்: 1,920. பிறகு எல்லோருக்கும் உள்ள கழிவு 209: 1,711. வாடகையே இல்லையென்றால் இதில் 30 சதவீதம் 514. 785இல் 514 போனால் 271. உங்களுக்கு வருவது இதுதான்.

வாடகையைக் காட்டினால் கணக்கு மாறும். 1,711இல் பாதி 855.50. வீட்டுச் செலவு 1,500 இதைத் தாண்டும் அளவு 644.50. அதுவும் கழியும் (உச்சவரம்பு 744; வீட்டில் 60 வயதானவரோ மாற்றுத்திறனாளியோ இருந்தால் வரம்பு கிடையாது). நிகர வருமானம் 1,066.50, அதில் 30 சதவீதம் 320. உங்களுக்குச் சேர வேண்டியது 465. மாதம் 194 டாலர் ஒரு காகிதத்தில் போகிறது.

வாடகை ஒப்பந்த நகல், உங்கள் பெயரில் உள்ள மின்சார அல்லது கேஸ் பில், இரண்டையும் இன்றே ஏற்றுங்கள். பல மாநிலங்கள் மின்சாரம், கேஸுக்கு ஒரு நிலையான தொகையைப் போடுவதால் முடிவு சில டாலர் முன்பின் இருக்கும். வேலைக்குப் போவதற்காகக் குழந்தைக் காப்பகத்துக்குப் பணம் கட்டினால் அந்த ரசீதையும் சேருங்கள். அது முழுதாகக் கழியும். ஏற்கெனவே கொடுத்த காகிதத்தை அலுவலகம்தான் விட்டுவிட்டது என்று காட்ட முடிந்தால், பின்னோக்கி 12 மாதம் வரை கேட்கலாம். நீங்களே கொடுக்கவில்லை என்றால் இனி வரும் மாதங்களுக்குத்தான் கூடும்.

டல்லாஸிலிருந்து: எச்-1பி விசாவில் இருக்கிறேன், வேலை போய்விட்டது. விண்ணப்பிக்கலாமா?

உங்களுக்குக் கிடையாது. இங்கே பிறந்த குழந்தை இருந்தால் அந்தக் குழந்தைக்காக நீங்கள் விண்ணப்பிக்கலாம். பெற்றோர் வருமானமும் கணக்கில் வரும், தொகை குழந்தையின் பங்குக்கு மட்டும். இது கிரீன் கார்டைப் பாதிக்குமா என்பது அடுத்த கேள்வியாக வரும். 2022 விதிப்படி ஸ்நாப் கணக்கில் வராது. அந்த விதியை நீக்கும் முன்மொழிவு 2025 நவம்பரில் வந்திருக்கிறது. விண்ணப்பிக்கும் நாளில் எது நடப்பில் இருக்கிறது என்று குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

நியூ ஜெர்சியிலிருந்து: நாங்கள் நால்வர், மாதம் 640 டாலர் வருகிறது. மூன்றாவது வாரத்தோடு தீர்ந்துவிடுகிறது. நம்ம சாப்பாட்டுக்கு ஒரு கணக்கு சொல்லுங்கள் மேடம்.

தொகை மாதத்துக்கு ஒருமுறை ஏறுகிறது. முதல் வாரமே காய், பழம், பால் எல்லாம் வாங்கி நிரப்புகிறோம், பாதி அழுகுகிறது. மூன்றாம் வாரம் பணம் தீர்வதற்கு இதுதான் முதல் காரணம். 640ஐ நான்காகப் பிரியுங்கள்: தொகை ஏறியதும் 256 டாலருக்கு மாதத்துக்கான உலர்பொருள், எண்ணெய், கோழி, மீதி 384ஐ வாரம் 128 வீதம் மூன்று தடவை, பால், முட்டை, காய், பழத்துக்கு.

அரிசி 40 பவுண்டு போதும். ஆளுக்கு நாளைக்கு 150 கிராம் கணக்கு. 20 பவுண்டு மூட்டையாக இரண்டு வாங்குங்கள், 5 பவுண்டுப் பை எப்போதும் பவுண்டுக்கு அதிகம். பருப்பு, பயறு 12 பவுண்டு. அதில் துவரை 4 பவுண்டு இருந்தால் சாம்பாருக்கு ஆகும். மீதிக்கு மைசூர்ப் பருப்பு, கொண்டைக்கடலை, அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் காராமணி. அங்கே விற்கும் மஞ்சள் பட்டாணிப் பருப்பு துவரையின் ருசியைத் தராது. சாம்பாரில் போட்டு ஏமாறாமல் ஊறவைத்து வடைக்கும் கூட்டுக்கும் வையுங்கள். எண்ணெய் ஒரு கேலன். முட்டை 8 டஜன். கோழியில் தொடையும் காலும் சேர்ந்த 10 பவுண்டுப் பை வாங்கி, வந்த அன்றே பவுண்டு பவுண்டாகப் பிரித்து உறைய வையுங்கள். ஒரே கட்டியாக உறைந்தால் ஒருநாள் சமையலுக்கு 10 பவுண்டையும் இளக்க வேண்டிவரும், அங்கேதான் வீணாகிறது.

காயைச் சாப்பிடும் வரிசையும் முக்கியம். கீரை, வாழைப்பழம், தக்காளி வாங்கிய மூன்று நாளில். பீன்ஸ், கத்திரிக்காய் ஒரு வாரத்துக்குள். முட்டைக்கோஸும் கேரட்டும் குளிர்பெட்டியில் மூன்று வாரம் நிற்கும், கடைசி வாரத்துக்கு அவை. குளிர்காலத் தக்காளி விலையும் அதிகம், புளிப்பும் இராது. 28 அவுன்ஸ் டின் வாங்கி மூன்று குழம்புக்குப் பங்கிடுங்கள். உறைய வைத்த கீரையும் வெண்டைக்காயும் நன்றாகவே இருக்கும். மல்லி, மிளகாயை முழுதாக இந்தியக் கடையில் வாங்குங்கள். சூப்பர் மார்க்கெட்டின் சின்னப் பாட்டில் மசாலா எடைக்குப் பலமடங்கு.

பள்ளி போகும் பிள்ளைகள் இருந்தால், ஸ்நாப் குடும்பம் என்பதாலேயே பள்ளிச் சாப்பாடு இலவசம். காலையும் மதியமும் சேர்ந்தால் இரண்டு பிள்ளைகளுக்கு 20 பள்ளி நாளில் 80 வேளை. கோடை விடுமுறையில் இந்தச் சுமை வீட்டுக்குத் திரும்பும். பங்கேற்கும் மாநிலங்களில் கோடைக்குப் பிள்ளைக்கு 120 டாலர் தனியாக உண்டு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு விக் (தாய், சிறு குழந்தைகளுக்கான சத்துணவு உதவி) திட்டத்தில் தனியாகப் பதியுங்கள்.

தொகை ஏறுவதற்கு முதல் நாள் அட்டையின் ரகசிய எண்ணை (PIN) மாற்றுங்கள். கீழே பீனிக்ஸிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார், காரணம் அங்கே.

ஹூஸ்டனிலிருந்து: இந்தியக் கடையில் எதெல்லாம் வாங்கலாம்? சமோசா? பூஜை சாமான்?

கடை ஸ்நாப் அனுமதி பெற்றதாக இருக்க வேண்டும். சூடாக விற்கும் சமோசா ஆகாது, உறைய வைத்தது ஆகும். சமையல் நல்லெண்ணெய் ஆகும், உண்ணத் தக்கதல்ல என்று எழுதிய விளக்கு எண்ணெய் ஆகாது. கற்பூரம், ஊதுபத்தி, சோப்பு ஆகாது. வைட்டமின் மாத்திரை ஆகாது. பலருக்குத் தெரியாத ஒன்று: உணவு தரும் செடியும் விதையும் வாங்கலாம். ஒரு மிளகாய்ச் செடியும் ஒரு தக்காளிச் செடியும் தொட்டியில் வையுங்கள். சில மாநிலங்கள் குளிர்பானம், மிட்டாய்க்குத் தடை கொண்டுவந்திருக்கின்றன, உங்கள் மாநிலப் பட்டியலைப் பாருங்கள்.

மிச்சிகனிலிருந்து: ராஜ்மாவை ஸ்லோ குக்கரில் காலையில் போட்டுவிட்டு வேலைக்குப் போகலாமா?

நேரடியாகப் போடாதீர்கள். சிவப்பு ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் உண்டு. ஸ்லோ குக்கரின் சூடு அதை அழிக்கப் போதாது, சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 10 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, அதன் பிறகு ஸ்லோ குக்கர். பிரஷர் குக்கரில் வைத்தால் இந்தக் கவலை இல்லை.

அட்லாண்டாவிலிருந்து: எஃப்-1 மாணவர்களுக்குக் கிடைக்குமா?

கிடையாது. டல்லாஸ் கேள்வியின் பதில் இதற்கும்.

சான் ஹோசேயிலிருந்து: அப்பா அம்மாவுக்குக் கிரீன் கார்டு வந்து ஒரு வருடம். அவர்களுக்கு?

பெரியவர்களுக்குப் பொதுவாக ஐந்து வருடம் காத்திருப்பு. அதன் பிறகும், அவர்களைப் பார்த்துக்கொள்வேன் என்ற உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட்ட உங்கள் வருமானத்தைச் சேர்த்துப் பார்ப்பார்கள். 18 வயதுக்குட்பட்டவர்களுக்குக் காத்திருப்பு இல்லை.

சிகாகோவிலிருந்து: நான் கட்டுகிற வரியில் சும்மா இருப்பவர்களுக்கு ஏன் சோறு? வேலை செய்தால்தான் உண்டு என்று சொல்வதில் என்ன தவறு?

யார் சாப்பிடுகிறார்கள் என்று முதலில் பாருங்கள். 2023 நிதியாண்டுக் கணக்கில் பெறுபவர்களில் 39 சதவீதம் குழந்தைகள், சுமார் 20 சதவீதம் 60 வயது கடந்தவர்கள், மேலும் 10 சதவீதம் அளவுக்கு மாற்றுத்திறனாளிகள். மேலே எழுதிய ஒஹையோ அம்மா 2,400 டாலர் சம்பாதிக்கிறார். அவர் சும்மா இல்லை.

வேலை நிபந்தனை 1996 முதலே இருக்கிறது. உடல்நலமுள்ள, பிள்ளைகள் இல்லாத பெரியவர் மாதம் 80 மணி நேர வேலையைக் காட்டாவிட்டால் 36 மாதத்தில் 3 மாதம்தான் உதவி. 2025 ஜூலைச் சட்டம் இதை 64 வயது வரை நீட்டியது. 14 வயதும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைகளின் பெற்றோரையும் சேர்த்தது. விளைவு என்ன? வர்ஜீனியா மாநிலத் தரவை வைத்துச் செய்த ஆய்வில், நிபந்தனைக்கு உட்பட்டவர்களில் பாதிக்கு மேல் பட்டியலிலிருந்து விழுந்தார்கள்; வேலையில் இருப்போர் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க உயர்வு தெரியவில்லை. வேலை செய்கிறவரும் மணிக்கணக்கை மாதாமாதம் நிரூபிக்கத் தவறினால் விழுகிறார். எனக்கு இதில்தான் கோபம்.

சிகாகோ மறுபடி: 2024இல் பிழை விகிதம் 10.93 சதவீதம் என்று அரசே சொல்கிறது. அது திருட்டு இல்லையா?

எண் சரி. ஆனால் அது கூடுதலாகக் கொடுத்ததும் குறைவாகக் கொடுத்ததும் சேர்ந்த விகிதம், பெரும்பகுதி கூடுதல். அதில் பெரும்பாலானவை அலுவலகமும் குடும்பமும் செய்த கணக்குப் பிழைகள். ஒஹையோ அம்மாவின் 194 டாலர் மாதிரித் தவறு எதிர்த்திசையிலும் நடக்கிறது. பிழை அதிகம் என்பதை நான் மறுக்கவில்லை, குறைக்கத்தான் வேண்டும். ஆனால் 2027 அக்டோபர் முதல் 6 சதவீதமும் அதற்கு மேலும் பிழையுள்ள மாநிலங்கள் உதவித்தொகையில் ஒரு பங்கைத் தாங்களே ஏற்க வேண்டும். அதற்குப் பயந்து மாநிலங்கள் இன்னும் அதிகக் காகிதம் கேட்கும், காகிதம் திரட்ட முடியாதவர் விழுவார்.

ஃபிரீமாண்டிலிருந்து: நம்ம ஊர் ரேஷன் மாதிரி எல்லோருக்கும் என்று வைத்தால் இந்தச் சண்டையே வராதே அக்கா?

1997இல் மத்திய அரசு ரேஷனை ஏழைகளுக்கு என்று பிரித்தபோதும் தமிழ்நாடு எல்லோருக்கும் என்பதை விடவில்லை. அரிசி அட்டை வைத்திருப்பவருக்கு 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். சர்க்கரை மட்டும் போதும் என்பவர் அந்த அட்டையைத் தானே கேட்டு வாங்குகிறார். வாடகை ரசீது, சம்பளச் சீட்டு எதுவும் கடையில் கேட்பதில்லை, அதனால் தகுதியுள்ளவர் விடுபடுவது குறைவு. ஆனால் அங்கே கிடைப்பது அரிசி, சர்க்கரை, ஒரு கிலோ பருப்பு, ஒரு லிட்டர் பாமாயில். முட்டையும் காயும் கைக்காசு. ஸ்நாப்பில் எதை வாங்குவது என்பது உங்கள் கையில். கேள்வி கேட்காத குணம் அங்கிருந்தும், வாங்கும் சுதந்திரம் இங்கிருந்தும் வந்தால் நல்லது.

அமெரிக்காவிலேயே இதற்கு முன்னுதாரணம் உண்டு. முன்பெல்லாம் கைக்காசு கொடுத்துத்தான் ஸ்டாம்ப் வாங்க வேண்டும், அந்தக் காசு இல்லாத பரம ஏழை வெளியே நின்றார். 1977 சட்டம் அதை நீக்கியது. நடைமுறைக்கு வந்த 1979 ஜனவரியில் மட்டும் சுமார் 15 லட்சம் பேர் கூடினார்கள். தடையை எடுத்தால் பசித்தவர்கள் உள்ளே வருகிறார்கள்.

இந்த விவாதத்தில் இன்னும் எட்டுப் பேர் எழுதியிருக்கிறீர்கள். இத்தோடு விடுகிறேன், அட்டை இல்லாமல் காத்திருப்பவர்களின் கேள்விகள் நிற்கின்றன.

பீனிக்ஸிலிருந்து: நேற்று ஏறிய 500 டாலரும் இரவோடு இரவாகக் காலி. நான் வாங்கவே இல்லை.

கடையில் அட்டை தேய்க்கும் கருவியின் மேல் பொருத்திய திருட்டுக் கருவி உங்கள் அட்டையை நகலெடுத்திருக்கும். பெரும்பாலான மாநிலங்களில் இந்த அட்டையில் சிப் கிடையாது. உடனே அட்டையின் பின்புற எண்ணை அழைத்து முடக்குங்கள், மாநில அலுவலகத்திலும் போலீஸிலும் புகார் கொடுங்கள். 2024 டிசம்பர் 20க்குப் பிறகு திருடுபோனதை மத்திய நிதியிலிருந்து ஈடுசெய்வதில்லை. ஆகவே தடுப்பது ஒன்றே வழி. மாநிலச் செயலியில் பூட்டும் வசதி இருந்தால் கடையில் நிற்கும் இரண்டு நிமிடம் தவிர அட்டை பூட்டியே இருக்கட்டும். 1234, பிறந்த வருடம் வேண்டாம்.

ஆஸ்டினிலிருந்து: எச்-4 விசா (எச்-1பி வைத்திருப்பவரின் குடும்பத்தினருக்கு) என்றால்?

கிடையாது. டல்லாஸ் பதில்.

பாஸ்டனிலிருந்து: 57 வயது, தனி ஆள், வேலை போய்விட்டது, கையில் 60 டாலர். 30 நாள் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

காத்திருக்க வேண்டாம். மாத வருமானம் 150 டாலருக்குக் கீழும் கையிருப்பு 100க்குள்ளும் இருந்தால் 7 நாளில் தர வேண்டும் என்பது விதி. "அவசர விண்ணப்பம்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அடையாளச் சான்று மட்டும் உடனே தேவை, மற்றதைப் பிறகு கொடுக்கலாம். தனி ஆளுக்கு உச்சம் 298. உங்கள் வயதுக்கு இப்போது 80 மணி நேர நிபந்தனை உண்டு. தன்னார்வ வேலையும் பயிற்சியும் கணக்கில் வரும். உடல்நிலை காரணமாக முடியாது என்றால் மருத்துவர் கடிதம் விலக்குத் தரும், மூன்றாவது மாதம் முடியும் முன்பே கொடுத்துவிடுங்கள்.

சார்லட்டிலிருந்து: தொலைபேசி நேர்காணலைத் தவறவிட்டேன். உதவியை நிறுத்துவதாகக் கடிதம் வந்திருக்கிறது.

கடிதத்தின் தேதியைப் பாருங்கள். பொதுவாக 10 நாளுக்குள் மேல்முறையீட்டு விசாரணை கேட்டால், உங்கள் சான்றுக்காலம் (உதவிக்கு ஒப்புதல் தந்த காலம்) முடியாதவரை முடிவு வரும்வரை பழைய தொகை தொடரும். தோற்றால் அதைத் திருப்பிக் கேட்பார்கள், அதையும் தெரிந்துகொண்டு கேளுங்கள். அதே நாளில் நேர்காணலுக்கு வேறு நேரமும் கேட்டு, கேட்ட தேதியையும் பேசியவர் பெயரையும் எழுதி வையுங்கள். அலுவலக அழைப்பு பல ஊர்களில் மறைத்த எண்ணிலிருந்து வரும். அந்த வாரம் எந்த அழைப்பையும் விடாதீர்கள்.