கண்டென்சரை எடுத்துவிட்டால் வெப்பம் மிச்சமாகுமா?

கேள்வி: மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். யுரேனியத்தில் அவ்வளவு ஆற்றல் இருந்தும் அணுமின் நிலையத்தின் செயல்திறன் ஏன் 33 சதவீதத்தைச் சுற்றியே நிற்கிறது? டர்பைனை விட்டு வரும் நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் கண்டென்சரில் கொட்டும் வெப்பத்தை நிறுத்தினால் மிச்சம்தானே?

பதில்: நிறுத்தினால் டர்பைனும் நின்றுவிடும். எரிபொருளில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பது வேறு, அதில் எவ்வளவு வேலையாக மாறும் என்பது வேறு. இரண்டாவதற்கு உச்சவரம்பு போடுவது வெப்பநிலை. இதை பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ 1824-லேயே சொல்லிவிட்டார்.

அழுத்த நீர் உலையை எடுத்துக்கொள்ளுங்கள். உலைக்குள் சுற்றும் நீர் சுமார் 155 பார் அழுத்தத்தில் இருப்பதால் 325 டிகிரி செல்சியஸ் வரை போயும் கொதிப்பதில்லை, அது தன் வெப்பத்தை நீராவி ஜெனரேட்டரில் கொடுக்க, டர்பைனுக்குப் போகும் நீராவி ஏறத்தாழ 280 டிகிரியில் கிளம்புகிறது. கண்டென்சர் 30 டிகிரி. அதாவது 553 கெல்வின், 303 கெல்வின். அந்த உச்சவரம்பு, 1-இலிருந்து குளிர்ந்த முனைக்கும் சூடான முனைக்குமான விகிதத்தை, அதாவது 303/553-ஐ, கழித்தால் வரும் 0.45. (தேர்வில் இதையே செல்சியஸில் போட்டு 89 சதவீதம் என்று எழுதிவிடாதீர்கள், தயவுசெய்து.) உராய்வே இல்லாத கற்பனை எந்திரத்துக்கே 45 என்றால், நிஜத்தில் 33 வருவது மோசமில்லை.

சரி, இன்னும் சூடாக்கலாமே என்பீர்கள். 374 டிகிரிக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் நீர் திரவமாக இருக்காது. அதற்குக் கீழேயும் சூடு ஏற ஏற அழுத்தமும் ஏற வேண்டும், அதைத் தாங்கும் உலைக் கலனின் எஃகுச் சுவரோ இப்போதே 20 சென்டிமீட்டருக்கு மேல் தடிமன். எரிபொருளை மூடியிருக்கும் சிர்கோனியம் உறைக்கும் ஓர் எல்லை உண்டு. நிலக்கரி நிலையத்தில் மெல்லிய குழாய்களுக்குள் நீராவியை 540 டிகிரிக்கு மேலும் கொண்டுபோக முடிகிறது, அதனால்தான் அங்கே செயல்திறன் கூடுதல்.

அப்புறம் அந்த கண்டென்சர். டர்பைனை விட்டு வரும் நீராவியைத் திரவமாக்காமல் அப்படியே பழைய அழுத்தத்துக்கு ஏற்றப் பார்த்தால், டர்பைன் தந்த வேலை முழுவதையும் கம்ப்ரசரே தின்றுவிடும். நீராக்கிவிட்டால் ஒரு பம்பு போதும், செலவு மிகச் சொற்பம்.

கேள்வி: குளிர்விப்புக் கோபுரத்தில் எழும் வெண்புகை கதிரியக்கம் உள்ளதா?

பதில்: இல்லை. அது கண்டென்சரைக் குளிர்வித்த நீரின் ஆவி, உலைக்குள் சுற்றும் நீரோடு அது கலப்பதே இல்லை. நிலக்கரி நிலையங்களிலும் இதே கோபுரம் உண்டு.

கேள்வி: கட்டுப்பாட்டுத் தண்டுகளை இறக்கி உலையை நிறுத்திய பிறகும் குளிர்விப்பது எதற்கு?

பதில்: தண்டுகள் நிறுத்துவது பிளவுத் தொடர்வினையை மட்டும்தான். பிளந்து கிடக்கும் துண்டுகள் தொடர்ந்து சிதைந்து வெப்பம் விடுகின்றன, அதை நிறுத்த எந்த சுவிட்சும் கிடையாது. நிறுத்திய நொடியில் இது முழுத் திறனில் 6 முதல் 7 சதவீதம், ஒரு மணி நேரம் கழித்து ஏறத்தாழ ஒன்றரை. 3000 மெகாவாட் வெப்பத்திறன் உள்ள உலை என்றால் முதல் நொடியில் 200 மெகாவாட்! ஒரு நாள் கழித்து 15 மெகாவாட் என்று வைத்தாலும், கொதிநிலையில் இருக்கும் நீரை நொடிக்கு ஆறரை கிலோ வீதம் ஆவியாக்க அது போதும். நீங்களே போட்டுப் பாருங்கள், உள்ளுறை வெப்பம் கிலோவுக்கு 2.26 மெகாஜூல்.

2011 மார்ச் 11-இல் ஃபுகுஷிமாவில் ஓடிக்கொண்டிருந்த உலைகள் நிலநடுக்கம் வந்ததும் தாமாகவே ஒழுங்காக நின்றன. அதன் பின் வந்த சுனாமி டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்து, குளிர்விப்பு நின்றதால்தான் மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது. புதிய வடிவமைப்புகள் சிலவற்றில் மின்சாரமே இல்லாமல், புவியீர்ப்பாலும் வெப்பச்சலனத்தாலும் நீர் தானே இறங்கிச் சுற்றும்படி தொட்டிகளை உலைக்கு மேலே வைப்பது இதனால்தான்.