ஒரே இயந்திரம், ஒரே வேலை: பகுதிக்குப் பகுதி உற்பத்தித்திறன் ஏன் மாறுகிறது?

வளரும் நாடு ஒன்றில் ஒரு பகுதி நிறுவனங்கள் நன்றாக உற்பத்தி செய்ய, இன்னொரு பகுதி நிறுவனங்கள் ஏன் தடுமாறுகின்றன என்று பலரும் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். நிறுவனக் கணக்குகளைப் பல வருடங்களாக ஆராய்ந்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (பொருளியல் மாணவி): சார், அதிகமாக உற்பத்தி செய்யும் பகுதிக்குத்தான் உற்பத்தித்திறன் அதிகம் என்று சொல்லலாமா?

பதில்: சொல்ல முடியாதும்மா. ஆயிரம் பேரைப் போட்டு நூறு மூட்டை எடுப்பதும், ஐம்பது பேரை வைத்து நூறு மூட்டை எடுப்பதும் ஒன்றாகுமா? விற்ற பணத்தில் மூலப்பொருள் செலவைக் கழித்தால் மிஞ்சுவது கூட்டு மதிப்பு. அதை ஆள் கணக்கில் வகுத்தால் தொழிலாளர் உற்பத்தித்திறன். ஆள், மூலதனம் இரண்டின் பங்கையும் கழித்த பிறகும் மிஞ்சி நிற்கும் வேறுபாட்டை மொத்தக் காரணி உற்பத்தித்திறன் என்கிறோம். பகுதிகளை ஒப்பிட இந்த மொத்தக் காரணி உற்பத்தித்திறன்தான் நியாயமான அளவு.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பெரும்பாலான கணக்கெடுப்புகளில் எத்தனை உருப்படி செய்தார்கள் என்று இருக்காது, எவ்வளவு பணத்துக்கு விற்றார்கள் என்றுதான் இருக்கும். போட்டியே இல்லாத ஒதுக்குப்புறத்தில் ஒரே ஒரு நிறுவனம் விலையை ஏற்றி விற்றால், காகிதத்தில் அது திறமையான நிறுவனமாகத் தெரியும். பகுதி வாரியான பட்டியலைப் பார்த்ததும் முடிவுக்கு வந்துவிட வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

கேள்வி: பின்தங்கிய பகுதி ஆட்களுக்கு உழைக்கும் குணம் கிடையாது என்று எங்கள் மேலாளர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

பதில்: இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு வருத்தமாக இருக்கும். அதே ஆள் ரயிலேறி வேறு பகுதிக்குப் போனதும் அங்கே எல்லோருக்கும் சமமாக வேலை பார்க்கிறார், கூடுதல் கூலியும் வாங்குகிறார். குணம் ரயிலில் மாறிவிடுமா? அவர் கையில் இருக்கும் கருவியும், பக்கத்தில் இருக்கும் தேர்ந்த ஆளும், நேரத்துக்கு வரும் மூலப்பொருளும்தான் மாறியிருக்கின்றன. படிப்பு, உடல்நலம் இவற்றில் பகுதிகளுக்கு இடையே உண்மையாகவே வேறுபாடு உண்டு, அதை மறுக்கவில்லை. துடிப்பானவர்கள் முதலில் கிளம்பிப் போய்விடுவதும் உண்டு. ஆனால் இவையெல்லாம் சேர்ந்தாலும் வேறுபாட்டில் ஒரு பகுதியைத்தான் விளக்குகின்றன.

கேள்வி: சாலை போட்டால் போதும், தொழில் தானாக வரும் என்கிறார்களே?

பதில்: சாலையின் பலன் நாம் நினைப்பதைவிட ஆழமானது. எத்தியோப்பியா, நைஜீரியா இரண்டிலும் நாட்டுக்குள்ளேயே சரக்கு நகர்வதை ஆராய்ந்தபோது, தூரம் கூடக்கூட ஏறும் செலவு அமெரிக்காவில் இருப்பதைப்போல நான்கைந்து மடங்கு என்று தெரிந்தது. இதில் லாரி வாடகை மட்டும் இல்லை. உதிரி பாகம் எப்போது வரும் என்று தெரியாதவர் மூன்று மாத ஸ்டாக்கை வாங்கி அடுக்கிவைக்கிறார். அவ்வளவு பணமும் முடங்குகிறது. ஒரு பேரிங் வராமல் இயந்திரம் நான்கு நாள் நிற்கிறது, ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், கூலி மட்டும் ஓடுகிறது.

அப்புறம் சந்தை. சுற்றியுள்ள இருபது கிலோமீட்டருக்கு மட்டும் விற்க முடிகிற பட்டறை எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தால்தான் பிழைக்கும். ஒரே பொருளில் கை தேர்வதற்குப் பெரிய சந்தை வேண்டும். ஆனால் சாலை இரு பக்கமும் திறக்கிற கதவு. வெளியிலிருந்து மலிவான சரக்கு உள்ளே வரும், பலவீனமான உள்ளூர்ப் பட்டறைகள் மூடப்படலாம். சாலை போடுகிறவர்கள் அதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

கேள்வி: மின்வெட்டுதான் முதல் எதிரி என்று நான் நினைக்கிறேன். சரியா?

பதில்: பாதி சரி. இந்தியத் தொழிற்சாலைகளை வைத்துச் செய்த ஒரு விரிவான ஆய்வில், மின்பற்றாக்குறை சராசரி ஆலையின் வருவாயை 5 முதல் 10 சதவீதம் குறைக்கிறது என்று கண்டார்கள். ஆனால் உற்பத்தித்திறன் அந்த அளவுக்கு விழவில்லை, ஏனென்றால் மூலப்பொருளை எடுத்துவைத்து மறுநாள் பயன்படுத்திக்கொள்ளலாம். உண்மையான அடி சின்னப் பட்டறைகளுக்கு. பெரிய ஆலை ஜெனரேட்டர் வாங்கிவிடும், சின்னவர் ஷட்டரை இறக்கிவிட்டுக் காத்திருப்பார். அடிக்கடி மின்சாரம் போகும் பகுதியில் சிறியவர் பெரியவராக வளர்வது கடினமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி (சிறுதொழில் நடத்துபவர்): வாடகை, நெரிசல், போட்டி எல்லாம் இருந்தும் ஒரே தொழிலில் இருப்பவர்கள் ஏன் ஒரே ஊரில் குவிகிறார்கள்?

பதில்: ஆல்ஃபிரட் மார்ஷல் என்ற பொருளியலாளர் 1890-இலேயே மூன்று காரணம் சொன்னார்: தேர்ந்த ஆட்கள் ஒரே இடத்தில் கிடைப்பார்கள், உதிரி பாகமும் துணை வேலையும் பக்கத்திலேயே கிடைக்கும், தொழில் நுணுக்கம் பேச்சுவாக்கில் பரவும். பாகிஸ்தானின் சியால்கோட்டைப் பாருங்கள். உலகுக்கே கால்பந்தும் அறுவைசிகிச்சைக் கருவிகளும் அனுப்பும் ஊர். அங்கே ஒருவர் தொழில் தொடங்கினால் தைப்பவர், வெட்டுபவர், ஏற்றுமதிக் காகிதம் பார்ப்பவர் என எல்லாரும் கூப்பிடு தூரத்தில்.

ஆனால் நுணுக்கம் தானாகப் பரவிவிடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். அதே சியால்கோட்டில் ஆய்வாளர்கள், செயற்கைத் தோல் வீணாவதைக் குறைக்கும் புதிய வெட்டு அச்சு ஒன்றைக் கால்பந்து நிறுவனங்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும் மிகச் சிலரே பயன்படுத்தினார்கள். காரணம், வெட்டுபவர்களுக்குப் பீஸ் கணக்கில் கூலி. புது அச்சில் ஆரம்பத்தில் கை மெதுவாகும், கூலி குறையும். தோல் மிச்சமானால் லாபம் முதலாளிக்குத்தானே! அந்தத் தொழிலாளிக்கு ஒருமுறை, கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம் அளவுக்கு ஊக்கத்தொகை கொடுத்ததும் அச்சைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் கணிசமாகக் கூடின. நான் படித்ததிலேயே மனதில் ஆழமாகப் பதிந்த ஆய்வு இதுதான். உற்பத்தித்திறன் கூலிமுறைக்குள்ளும் ஒளிந்திருக்கிறது.

கேள்வி: அப்படியானால் நிர்வாகமும் ஒரு காரணமா?

பதில்: பெரிய காரணம். மும்பை அருகே பெரிய நெசவு ஆலைகளுக்கு ஆலோசகர்களை அனுப்பி ஒரு சோதனை நடந்தது. கற்றுக்கொடுத்தது எல்லாம் எளிய விஷயங்கள்: இயந்திரத்தைத் தவறாமல் பராமரிப்பது, குறைகளைத் தினமும் குறித்துவைப்பது, நூல் ஸ்டாக்குக்குக் கணக்கு வைப்பது, தரையைச் சுத்தமாக வைப்பது. முதல் வருடத்திலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் ஏறியது.

முன்பே ஏன் செய்யவில்லை? பலருக்கு இப்படி ஒரு முறை இருப்பதே தெரியாது. சிலருக்குத் தெரிந்தும், நம் தொழிலுக்கு இது ஒத்துவராது என்ற எண்ணம். நல்ல நிர்வாகம் உள்ள நிறுவனங்கள் நிறைய இருக்கும் பகுதியில் மேலாளர்கள் வேலை மாறும்போது பழக்கமும் கூடவே போகும். ஒதுங்கிய பகுதியில் பார்த்துக் கற்றுக்கொள்ள ஆள் இல்லை.

கேள்வி: திறமையில்லாத நிறுவனங்கள் போட்டியில் மூடப்பட வேண்டும் அல்லவா? ஏன் வருடக்கணக்கில் ஓடுகின்றன?

பதில்: நல்ல நிறுவனத்துக்குக் கடனும் நிலமும் கிடைப்பதில்லை. மோசமானதற்குச் செல்வாக்கால் கிடைக்கிறது, அல்லது கணக்கில் வராமல் வரியின்றி ஓடுகிறது. ஆளும் மூலதனமும் அமெரிக்காவில் பங்கிடப்படும் அளவுக்காவது சரியாகப் பங்கிடப்பட்டால் ஆலைத்தொழிலின் உற்பத்தித்திறன் சீனாவில் 30 முதல் 50 சதவீதமும், இந்தியாவில் 40 முதல் 60 சதவீதமும் உயரும் என்று 2009-இல் வந்த ஒரு மதிப்பீடு சொன்னது. புதிதாக ஒரு இயந்திரம்கூட வாங்காமல்! ஜாமீன் கொடுக்கச் சொத்து இல்லாதவருக்கு வங்கிக்கிளை எத்தனை இருந்தும் பயனில்லை.

கேள்வி: பின்தங்கிய பகுதிக்கு வரிச்சலுகை கொடுத்தால் சரியாகிவிடாதா?

பதில்: பிரேசில் 1967-இல் அமேசான் காட்டுக்கு நடுவே மனாவுஸில் வரிச்சலுகை மண்டலம் அமைத்தது. மோட்டார் சைக்கிள், மின்னணுப் பொருள் என நிறைய ஆலைகள் வந்தன, வேலையும் வந்தது. ஆனால் பெரிய சந்தைகள் வெகு தூரத்தில். சலுகையை 2073 வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. சீனாவின் ஷென்ஜென் மண்டலம் 1980-இல் தொடங்கியது. அங்கே சலுகையோடு ஹாங்காங் துறைமுகமும் முதலீட்டாளர்களும் பக்கத்திலேயே இருந்தார்கள். இடத்துக்கு என்று ஒரு பலம் இருந்தால் சலுகை அதைத் தூண்டிவிடும்.

இருக்கும் பலத்தைக் கொள்கையே அழித்ததும் உண்டு. இந்தியாவில் 1950களிலிருந்து 1990களின் தொடக்கம் வரை எஃகுக்குச் சரக்குக் கட்டணச் சமன்பாடு இருந்தது, அதாவது தூரம் பார்க்காமல் நாடு முழுக்க ஒரே விலை. சுரங்கமும் ஆலையும் அருகில் இருந்த பீகார், ஒடிசா, மேற்கு வங்கத்துக்கு இயற்கை கொடுத்த அனுகூலம் அதில் கரைந்துபோனது.

கேள்வி: வரலாற்றுக்கும் இதில் பங்கு உண்டா?

பதில்: உண்டு. தென் அமெரிக்க நாடான பெருவில் 1573 முதல் 1812 வரை ஸ்பானிய ஆட்சி சில மாவட்டங்களை மட்டும் சுரங்கத்துக்குக் கட்டாய ஆட்கள் அனுப்ப வைத்தது. அந்த எல்லைக்கு உள்ளே இருக்கும் குடும்பங்களின் நுகர்வு, கோட்டுக்கு வெளியே இருப்பவர்களைவிட இன்றும் சுமார் 25 சதவீதம் குறைவு. சாலைகளும் அங்கே குறைவு.

கேள்வி (மாவட்டத் தொழில் அலுவலகத்தில் பணிபுரிபவர்): இவ்வளவு காரணங்கள் இருந்தால் நான் எங்கிருந்து தொடங்குவது, சார்?

பதில்: எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சரிசெய்ய முயன்றால் எதுவும் நடக்காது. உங்கள் பகுதியில் வளர்ந்த சில நிறுவனங்களையும் வளராத சில நிறுவனங்களையும் நேரில் போய்ப் பாருங்கள். வளர்ந்தவர்கள் எந்தத் தடையைச் சொந்தச் செலவில் தாண்டியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். எல்லாரும் ஜெனரேட்டர் வாங்கியிருந்தால் ஒரு பதில், எல்லாரும் சொந்த லாரி வைத்திருந்தால் வேறு பதில், எல்லாரும் உறவுக்காரர்களிடம் மட்டும் கடன் வாங்கியிருந்தால் இன்னொன்று. வியட்நாமில் 2005 முதல் ஒவ்வொரு வருடமும் தொழில் நடத்துபவர்களிடமே கேட்டு, எந்த மாகாண நிர்வாகம் எப்படி என்று தரவரிசை வெளியிடுகிறார்கள். அனுமதிக்கு எத்தனை நாள், ஆய்வுக்கு எத்தனை முறை வந்தார்கள், கையில் எவ்வளவு கொடுக்க வேண்டியிருந்தது என்று கேட்கிறார்கள். உங்கள் மாவட்ட அளவில் முப்பது நிறுவனங்களிடம் இதே மூன்று கேள்விகளைக் கேட்க ஒரு மாதம் போதும். எழுதிக்கொண்டு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.