பொருளாதாரத்தில் பி.ஏ.வா, பி.எஸ்சி.யா?

பிளஸ் டூவில் கணிதம் படித்த நான் பொருளாதாரத்தில் பி.ஏ. எடுப்பதா, பி.எஸ்சி.க்கு அலைவதா என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டத்தின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். கேம்பிரிட்ஜில் பொருளாதாரத்துக்குக் கிடைப்பது பி.ஏ., லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பி.எஸ்சி. இரண்டுமே கணிதம் கேட்பவைதான். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. ஆனர்ஸும் அப்படியே.

பார்க்க வேண்டியது பாடத்திட்டம். கையிலிருக்கும் பணத்துக்குள் ஒருவர் எதை எவ்வளவு வாங்குவார் என்பது தொடக்கப் பாடம். சில கல்லூரிகளில் சமநோக்கு வளைகோட்டை, அதாவது ஒரே அளவு மனநிறைவு தரும் பொருள் சேர்க்கைகளை இணைக்கும் கோட்டை, வரைந்து காட்டி முடித்துவிடுவார்கள். சிலவற்றில் அதையே, ஒரு வரம்புக்குள் உச்ச அளவைக் கண்டுபிடிக்கும் லக்ராஞ்சு முறையில் வகையீடு செய்து விடை காணச் சொல்வார்கள். அப்புறம், பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியல் கொண்டு ஆராயும் எகனாமெட்ரிக்ஸ் கட்டாயப் பாடமா, விருப்பப் பாடமா என்றும் பாருங்கள். பழைய வினாத்தாள் ஒன்றைப் புரட்டினாலே விஷயம் தெரிந்துவிடும். கல்லூரி விளம்பரக் கையேட்டில் தெரியாது.

எம்.ஏ., ஆராய்ச்சி என்று போகும் எண்ணமிருந்தால் கணிதம் கனமாக உள்ள படிப்பே நல்லது. இந்தியப் புள்ளியியல் கழகத்தின் பொருளாதார முதுகலை நுழைவுத் தேர்வில் கணிதத்துக்கென்றே தனித்தாள் உண்டு. வங்கித் தேர்வு, குரூப் 2 என்றால் எந்தப் பட்டமானாலும் சரி. பொருளாதார வரலாறு, வேளாண்மை, கொள்கை இவற்றில்தான் மனம் போகிறதா? தயங்காமல் நல்ல பி.ஏ.வில் சேருங்கள், புள்ளியியலை மட்டும் விட்டுவிடாதீர்கள்.