பாய்லர் நின்றுபோன இரவில் யாரைக் கூப்பிடுவது?

குளிர் தொடங்கியதிலிருந்து வரும் கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டைச் சூடாக்கி வெந்நீரும் தரும் கேஸ் பாய்லரைப் பற்றியவை. பிரிட்டனில் வாழும் நம் குடும்பங்களுக்குப் பொதுவாகப் பயன்படும் என்று தோன்றிய நான்கை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஞாயிறு இரவு பாய்லர் நின்றுவிட்டது. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. நான்கு இன்ஜினியர்களிடம் கேட்டேன், எல்லோரும் அடுத்த வாரம்தான் வர முடியும் என்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார், 60 பவுண்டுக்கு முடிச்சுடுவார்" என்கிறார். கூப்பிடலாமா? (குராய்டன் வாசகர்)

பதில்: அவரைக் கூப்பிடுவதற்கு முன் இரண்டு விஷயங்களை நீங்களே பாருங்கள். பாய்லரில் இருக்கும் அழுத்தமானியின் முள் 1-க்குக் கீழே இறங்கியிருக்கிறதா? பாய்லர் ஆறியிருக்கும்போது அது 1-க்கும் 1.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்திருந்தால் கையேட்டில் உள்ளபடி தண்ணீரை நிரப்பி மறுபடி இயக்கிப் பாருங்கள். இரண்டாவது, வெளிச்சுவர் வழியாகப் போகும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய். 2005-க்குப் பிறகு பொருத்தப்பட்ட பாய்லர்கள் அநேகமாக எல்லாமே புகையிலுள்ள நீராவியைக் குளிர்வித்து நீராக வெளியேற்றும் வகை. உறைபனி இரவில் அந்தக் குழாய்க்குள் நீர் கட்டிப்போனால் பாய்லர் தானே நின்றுவிடும். வெதுவெதுப்பான தண்ணீரைக் குழாய்மேல் ஊற்றுங்கள், கொதிநீர் வேண்டாம். பனி உருகியதும் ரீசெட் பட்டனை அழுத்துங்கள். குளிர் அலை வரும் வாரங்களில் வரும் அழைப்புகளில் நிறைய இந்த வகைதான்.

இதிலும் சரியாகவில்லையென்றால் இன்ஜினியர்தான் வர வேண்டும். வருகிறவர் நம்ம ஆளாக இருப்பது நல்லதுதான். ஆனால் அவரிடம் கேஸ் சேஃப் ரெஜிஸ்டரின், அதாவது கேஸ் வேலை செய்யச் சட்டப்படி தகுதி பெற்றவர்களின் பதிவேட்டின், அடையாள அட்டை இருக்க வேண்டும். அட்டையின் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுகிறோம், அங்கேதான் தவறு. முன்பக்கத்தில் படம், உரிம எண், காலாவதி தேதி இருக்கும். அவர் எந்தெந்த வேலை செய்யலாம் என்பது பின்பக்கத்தில் இருக்கிறது. குக்கர் பொருத்த மட்டும் தேறியவர் பாய்லரைத் திறக்கக் கூடாது. வீட்டுக் குழாய் எரிவாயுவுக்கும் சிலிண்டர் எரிவாயுவுக்கும் தகுதி தனித்தனி. உரிம எண்ணை வாங்கி ரெஜிஸ்டரின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், அல்லது 0800 408 5500-இல் கேளுங்கள். இரண்டு நிமிட வேலை. எண்ணைக் கேட்டதும் முகம் சுளிப்பவர் வேண்டாம்.

இந்தக் கண்டிப்புக்கு ஒரு காரணம் உண்டு. 1968 மே 16 காலையில், லண்டனில் ஈஸ்ட் ஹாமுக்கு அருகே கேனிங் டவுனில், ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தில் ஒரு பெண்மணி தேநீர் போட அடுப்பைப் பற்றவைத்தார். கசிந்திருந்த எரிவாயு வெடித்து, கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். அடுப்பை இணைத்த ஒரு பித்தளை நட்டு தரமில்லாதது என்று விசாரணையில் தெரிந்தது. அதன் பிறகு 1970-இல் கேஸ் வேலை செய்பவர்களைப் பதிவு செய்யும் கோர்கி அமைப்பு வந்தது. 2009 ஏப்ரல் 1 முதல் அதன் இடத்தில் கேஸ் சேஃப் இருக்கிறது. இன்றும் பழைய ஞாபகத்தில் "நான் கோர்கி" என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். அந்த அட்டை இப்போது செல்லாது.

எங்கள் வீட்டு அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் புது பாய்லர் போட்டோம். வேலை சுத்தமாக இருந்தது, பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டோம். வீட்டை விற்கும்போதுதான் வாங்குபவரின் வழக்கறிஞர் பாய்லருக்கான கட்டட விதிச் சான்றிதழைக் கேட்டார். பொருத்தியவர் 30 நாளுக்குள் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் செய்யவே இல்லை. விற்பனை பல வாரங்கள் இழுத்துப் பெரும் மன உளைச்சலாகிவிட்டது. புது பாய்லர் என்றால் இந்தச் சான்றிதழ் தபாலில் வந்து சேரும்வரை விடாமல் கேளுங்கள்.

எரிவாயு வாடை வந்தால் மட்டும் எந்த இன்ஜினியருக்காகவும் காத்திருக்க வேண்டாம். ஜன்னலைத் திறந்து, மீட்டரருகே உள்ள வால்வை மூடி, சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து 0800 111 999-ஐ அழையுங்கள். இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள். வந்து ஆபத்தை நிறுத்துவார்கள், பாய்லரைப் பழுது பார்ப்பது அவர்கள் வேலையல்ல.

கேள்வி: பாய்லர் சர்வீஸுக்கு வந்தவர் கூடவே ஒரு பையனையும் கூட்டி வந்தார். ஸ்க்ரூவைக் கழற்றியது, சுத்தம் செய்தது எல்லாம் அந்தப் பையன். முழுக் கட்டணம் வாங்கிவிட்டு இப்படிச் செய்வது சரியா? (வெம்பிளி வாசகி)

பதில்: பெரியவர் எங்கே இருந்தார் என்பதுதான் கேள்வி. பையனை உங்கள் வீட்டில் இறக்கிவிட்டு அவர் அடுத்த வேலைக்குப் போயிருந்தால் அது தவறு, ரெஜிஸ்டரில் புகார் செய்யலாம். பக்கத்திலேயே நின்று பார்த்து, கசிவுச் சோதனையையும் புகைபோக்கிச் சோதனையையும் உறுதி செய்து, தாளில் கையெழுத்திட்டிருந்தால் அதில் குற்றம் இல்லை. பொறுப்பு முழுவதும் அவருடையது. 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி உங்களுக்குத் தேவை தகுந்த கவனத்துடனும் திறமையுடனும் செய்யப்பட்ட வேலை.

அம்மா, இதில் நான் அந்தப் பையன் பக்கம். முதல் கேள்வியில் குராய்டன் வாசகருக்கு ஏன் ஒரு வாரம் ஆள் கிடைக்கவில்லை? இந்த நாட்டில் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் கேஸ் பாய்லர் இருக்கிறது. பதிவு பெற்ற இன்ஜினியர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். எல்லோரும் வீட்டு பாய்லர் வேலை செய்பவர்களும் இல்லை. ஒருவருக்கு நூற்றைம்பது, இருநூறு வீடு என்று வைத்துக்கொண்டால், கோடையில் தாக்குப்பிடிக்கும். முதல் குளிர் வாரத்தில் எல்லா வீடும் ஒரே நாளில் போன் செய்தால் என்ன ஆகும்?

புது ஆட்கள் சேராததற்குக் காரணம் பாடமோ பரீட்சையோ அல்ல. வேனில் இன்னொரு இருக்கை கிடைப்பதில்லை, அவ்வளவுதான். பயில்பவர் பதிவு பெற்ற ஒருவரின் கண்காணிப்பில் உண்மையான வீடுகளில் வேலை செய்து, ஒவ்வொன்றையும் பதிவேட்டில் காட்ட வேண்டும். ஆனால் இத்துறையில் பலர் ஒரு ஆள், ஒரு வேன் என்று நடத்துகிறார்கள். பயிற்சியாளரைச் சேர்த்தால் சம்பளம், காப்பீடு, வேலை மெதுவாகும். அதற்கும் மேல் வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். அதனால் யாரும் சேர்ப்பதில்லை. அடுத்த முறை அந்தப் பையன் வந்தால் ஒரு டீ கொடுங்கள்.

கேள்வி: பாய்லரைத் தன் மச்சான் பார்த்துவிட்டதாக லேண்ட்லார்ட் சொல்கிறார். தாள் எதுவும் தரவில்லை. நாங்கள் ஐந்து மாணவர்கள் இருக்கிறோம். (லெஸ்டர் வாசகர்)

பதில்: 1998-ஆம் ஆண்டின் எரிவாயுப் பாதுகாப்பு விதிகளின்படி 12 மாதத்துக்கு ஒருமுறை பதிவு பெற்ற இன்ஜினியர் சோதிக்க வேண்டும். அந்தத் தாளின் நகல் 28 நாளுக்குள் உங்களுக்கு வர வேண்டும். புதிதாகக் குடிவருபவருக்குக் குடிவருவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். மச்சான் கேஸ் சேஃப் என்றால் தாளில் அவர் எண் இருக்கும். இல்லையென்றால் அது சோதனையே அல்ல. எழுத்தில் கேளுங்கள், தராவிட்டால் கவுன்சிலிடமும், பாதுகாப்பு விதிகளைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஹெல்த் அண்ட் சேஃப்டி எக்ஸிகியூட்டிவிடமும் சொல்லுங்கள்.

இங்கிலாந்தில் 2022 அக்டோபர் 1 முதல், பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைப்பதும் அவர் கடமை. அந்த வாயுவுக்கு நிறமும் மணமும் கிடையாது. வீட்டில் இருக்கும்போது ஐவருக்கும் தலைவலி, குமட்டல், வெளியே போனால் சரியாகிறது என்றால் காய்ச்சல் என்று நினைத்துப் படுத்துவிடாதீர்கள். பாய்லரை அணைத்துவிட்டு உடனே வெளியே வாருங்கள், முன்பு சொன்ன அவசர எண்ணுக்குப் பேசுங்கள், மருத்துவரையும் பாருங்கள்.

கேள்வி: மகனுக்கு 16 வயது. ஏ லெவல் வேண்டாம், கேஸ் இன்ஜினியர் ஆகிறேன் என்கிறான். உறவுக்காரர்கள் சிரிக்கிறார்கள். சில வாரங்களில் ஆக்கிவிடுகிறோம் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன், ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். வெளியிலிருந்து வெப்பத்தை எடுத்து மின்சாரத்தில் வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் வந்துவிட்டால் இந்தத் தொழில் இருக்குமா? (ஹாரோ வாசகி)

பதில்: பணத்தை இப்போதைக்குக் கட்டாதீர்கள். வகுப்பு சில வாரங்களில் முடியலாம். ஆனால் கேஸ் சேஃப் பதிவுக்குத் தேவையான ஏசிஎஸ் என்ற தகுதித் தேர்வுக்கு முன், தொடக்கநிலையில் இருப்பவர் வேலை அனுபவத்தைக் காட்டியாக வேண்டும். அந்த அனுபவத்துக்கு இடம் யார் தருவார், எந்த நிறுவனம், எத்தனை மாதம் என்று எழுத்தில் கேளுங்கள். "நீங்களே தேடிக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தால் நீங்கள் வாங்குவது பாதிப் பயிற்சி. அப்படி நின்றுபோனவர்கள் நிறைய.

16 வயதுப் பையனுக்குப் பயிற்சிப் பணிதான் (அப்ரெண்டிஸ்ஷிப்) சரியான வழி. படிக்கும்போதே சம்பளமும் வரும். கேஸ் வேலை மட்டும் என்றால் சுமார் ஒன்றரை வருடம். பிளம்பிங்கும் வீட்டு வெப்பமூட்டலும் சேர்ந்தது நான்கு வருடம். நான் நீண்டதையே சொல்வேன். ஹீட் பம்புக்கு அரசு 7,500 பவுண்டு மானியம் தருகிறது, 2028-க்குள் வருடத்துக்கு ஆறு லட்சம் பொருத்த வேண்டும் என்று இலக்கும் வைத்தார்கள். அதைப் பொருத்தவும் ரேடியேட்டர், குழாய், வீட்டின் வெப்ப இழப்புக் கணக்கு தெரிந்தவர்தான் வேண்டும். நான்கு வருடம் படித்தவர் அந்தப் பக்கம் போவது எளிது. ஏசிஎஸ் தகுதியை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதால் படிப்பு அதோடு நிற்கப்போவதும் இல்லை.

உறவுக்காரர்கள் சிரிக்கட்டும். ஜனவரியில் அவர்கள் பாய்லர் நின்றால் அவனுக்குத்தான் போன் வரும்.

கணக்கிலும் ஆங்கிலத்திலும் ஜிசிஎஸ்இ நன்றாக எழுதச் சொல்லுங்கள், பெரும்பாலான இடங்களில் அதைக் கேட்பார்கள். பெரிய நிறுவனங்களுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கட்டும், போட்டி கடுமையாக இருக்கும். கூடவே உங்கள் பகுதியில் வேன் வைத்து வேலை செய்யும் இன்ஜினியர்களை நேரில் பார்க்கட்டும். இந்த மாதம் வேண்டாம், அவர்களுக்குச் சாப்பிடவே நேரம் இருக்காது. ஜூன், ஜூலையில் உங்கள் பாய்லரை சர்வீஸுக்குக் கொடுங்கள். அந்த மாதங்களில் கூப்பிட்ட வாரமே வருவார்கள். வரும் அன்று மகனை வீட்டில் இருக்கச் சொல்லுங்கள்.